இப்போது பணியில்

கடைசிக் கம்பத்துக்குக் கீழே பெயர் இல்லை.

மற்ற கம்பங்களுக்கெல்லாம் இருந்தது. ஷரீபா, முருகானந்தம், ஸஹ்ரா என்று ஆளுக்கொரு நிறத்தில் அவை கிராஃபில் வரிசைகட்டி நின்றன. யார் எத்தனை வீட்டுக்குப் போய் நோயாளியைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்தார்கள் என்பதுதான் கம்பத்தின் உயரம். கடைசியில் நின்றது மட்டும் சாம்பல் நிறம். அடியில் ‘பிளாங்க்’ என்று ஒரு சொல். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்டு, பந்தியில் உட்காரலாமா வேண்டாமா என்று தூண் ஓரம் நிற்கிறவரைப் போல அது நின்றது.

ஜென்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நின்றது.

பாலக்கரையில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மார்ச் மாதத்தில் அங்கே மேசைமேல் ஒரு முட்டையை வைத்தால் மதியத்துக்குள் குஞ்சு பொரித்து, சாயங்காலத்துக்குள் கோழியாகி, இருட்டுவதற்குள் தானே குழம்பாகிவிடும். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஹோம் கேர் அது. முதலாளி அற்புதசாமி, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின்களுக்கு மேலே கத்திக் கத்திப் பேசி ஓய்வு பெற்றவர். அவர் ஒரு ரகசியம் சொன்னால் மலைக்கோட்டைப் படியில் ஏறிக்கொண்டிருப்பவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்தான் இந்த டேஷ்போர்டு சமாசாரத்தை வாங்கிப் போட்டார்.

“இனிமே எந்தக் கம்ப்யூட்டர்காரன் கால்லயும் விழ வேணாம் ஜென்சிம்மா. நாமளே இழுக்குறோம், நாமளே விடுறோம், படமா நிக்குது பாருங்க!”

வாங்கிய வாரத்தில் மனிதர் சும்மா இருக்கவில்லை. டிபன் பாக்ஸில் சாதம் எவ்வளவு, பொரியல் எவ்வளவு என்று வட்டப் படம் போட்டார். வாசலில் படுத்திருக்கும் நாய் எந்தத் திசையைப் பார்த்து அதிகம் குரைக்கிறது என்பதற்கு ஒரு மேப். தன் கொட்டாவிக்கு ஏறுமுகத்தில் ஒரு கோடு. அந்த வாரம் முழுக்க ஆபீஸ் சிரித்தது. சிரிக்காமல் உட்கார்ந்து அதை உண்மையாகக் கற்றுக்கொண்டவள் ஜென்சி மட்டும்தான். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அவளுக்கு அது உதவியது.

நினைக்கக் கூடாதது அனிஷாவை.

அனிஷா அவளுடைய ஒரே தங்கை. இதே ஆபீஸில் நர்ஸ். கிறிஸ்துமஸ் ஸ்டார் வாங்க ஸ்கூட்டியில் கிளம்பியவளை மதுரை ரோட்டில் ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போனது. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் அம்மா பிரான்சி பக்கவாதத்தில் இடது பக்கம் முழுவதும் விழுந்து கிடந்த நேரம் அது. அதிர்ச்சி எதுவும் கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே தங்கையை வீட்டுக்கே கொண்டுவராமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோவிலுக்கும், கோவிலிலிருந்து கல்லறைக்கும் கொண்டுபோனாள் ஜென்சி. அழாத கண்ணோடு வீட்டுக்கு வந்தாள்.

“திடீர்னு குவைத் விசா வந்துருச்சும்மா. ஏர்போர்ட்டுக்கு நேரமில்ல.”

“எங்கிட்ட ஒரு முத்தம் வாங்காமப் போவாளாடி அவ?” என்றாள் அம்மா, கோணிய வாயால்.

அந்தக் கேள்விக்கு ஜென்சி இன்றுவரை தினமும் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே நெட்வொர்க் இல்லை. அங்கே நைட் டூட்டி. அங்கே மணல் புயல், குவைத்தே கண்ணுக்குத் தெரியவில்லை.

டேஷ்போர்டுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. வேலைக்கு வராதவர்களைச் சிவப்பில் காட்டும்படி நிறம் வைத்தவளே ஜென்சிதான். அது தினமும் காலையில் ‘அனிஷா’ என்று எழுதி, பக்கத்தில் சிவப்பாக ஒரு பூஜ்யம் போட்டுக் காட்டியது. லீவு சொல்லாமல் நின்றுவிட்ட ஆளைப் பற்றி முதலாளியிடம் கோள் சொல்வது போல. ஒருநாள் தாங்க முடியாமல், ஊழியர் பட்டியலைத் திறந்து தங்கையின் வரியை அழித்தாள்.

மறுநாள்தான் பிளாங்க் வந்தது.

இந்த மென்பொருளை அமைத்துக் கொடுத்த உஸாமா தில்லை நகரில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டாள்.

“பட்டியல்ல இருந்து யாரையாச்சும் டெலீட் பண்ணீங்களாக்கா?”

“ஒருத்தரை.”

“அதான். பேரை அழிச்சா அவங்க செஞ்ச வேலை அழியாதுக்கா. அது பாட்டுக்கு உள்ள இருக்கும். சொந்தக்காரர் யாருன்னு தெரியாம முழிக்கும். அதையெல்லாம் சேர்த்து பிளாங்க்னு ஒரு கம்பமா நிறுத்திடும்.” சிரித்தான். “பேய் இல்லக்கா, பயப்படாதீங்க. இந்த மாசம் மட்டும்னு ஃபில்டர் போடுங்க, காணாமப் போயிடும்.”

ஃபில்டர் போட்டாள். எல்லாக் கம்பங்களும் குறுகின. சாம்பல் கம்பமும் குறுகியது, குறுகியது, தரையைத் தொடப்போகிற உயரத்துக்கு வந்தது.

அங்கே நின்றுகொண்டது.

வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

*

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரெஃப்ரெஷுக்கும் அது நெல் நாற்று போல வளர்ந்தது. ஜென்சி காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உஸாமா வந்து சரிசெய்துவிடுவான். சரிசெய்துவிட்டால்? அந்தச் சாம்பல் கம்பத்தின்மேல் அவள் விரல் போகும்போதெல்லாம் கொஞ்சம் அங்கேயே நின்றது. பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது. கிழக்கு உத்தர வீதியில் படுத்த படுக்கையாக மனைவியை வைத்துக்கொண்டிருக்கும் வரதாச்சாரி.

“குழந்தே, ஒரு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். புதுசா அனுப்பிச்சேளே ஒரு பொண்ணு, அவ பண்றதை வேலைன்னு சொல்லப்படாது. கைங்கர்யம். எங்காத்துக்காரி முகத்துல தெளிவு வந்துடுத்து.”

ஜென்சி டேஷ்போர்டில் அந்தத் தெருவைத் தட்டினாள். சாம்பல்.

“அந்தப் பொண்ணு பேர் என்ன சொன்னாங்க சார்?”

“எங்கே பேசறா? பல்வலியோ என்னமோ, தாடையைச் சுத்தி உச்சந்தலையோட ஒரு வெள்ளைத் துணி கட்டிண்டிருக்கா. வாயே திறக்கறதில்லை. நடக்கறதும் பாவம், ரெண்டு பாதத்தையும் ஒட்டவச்சுண்டு துளித்துளியா நகர்ந்து வரா. காலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கோ.”

ஜென்சி போனை வைக்க மறந்தாள். அவர் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தாடைக் கட்டு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும் கட்டு. ஆஸ்பத்திரியிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஜெபமாலை வைப்பதற்காகக் கைக்கட்டை மட்டும் யாரோ அவிழ்த்தார்கள். மற்ற இரண்டையும் குழிக்குள் இறக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் எந்தச் சாவு வீட்டிலும் அதைப் பொறுப்பாகச் செய்கிற பெண்பிள்ளை ஒருத்தி இருப்பாள். புதூர்க் கோவில் பங்கில் அந்த ஒருத்தி பிரான்சிதான். அவளிடம்தான் சொல்லவில்லையே. நின்ற நாலைந்து பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் அவிழ்த்திருப்பார் என்று நினைத்தார்கள். கொத்தனார் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டார்.

அன்று மதியமே ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

காவிரிப் பாலத்தில் வெயில் தகரம் அடிக்கிற மாதிரி அடித்தது. ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் மின்னியது. உத்தர வீதியில் அந்த வீட்டு வாசலுக்குள் கால் வைத்ததும், வெளிச்சம் யாரோ போர்வை போர்த்தியது போலச் சட்டென்று நின்றுவிட்டது. ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும் வீடு. ரேழி, கூடம், இன்னொரு கூடம். நடக்க நடக்க முடியாமல், சமயபுரம் வரைக்கும் போய்விடுமோ என்று தோன்றும் நீளம். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. துளசி வாசனை, பழைய மரத்தின் வாசனை, மூத்திரத் துணியைச் சோப்பில் ஊறவைத்த வாசனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தபோது, கடைசி அறைக்கு முன்னால் வேறு ஒன்று மூக்கில் ஏறியது.

பவுடர். அனிஷா கழுத்து வெளுக்க வெளுக்கப் போட்டுக்கொள்ளும் அதே பவுடர். அதன் அடியில், புதிதாகப் பூசிய ஈரச் சிமெண்டு.

கட்டிலில் மாமி படுத்திருந்தாள். நெற்றியில் பிசிறு முடிகூட இல்லாமல் படிய வாரிப் பின்னல் போட்டிருந்தது. போர்வையின் ஓரம் கட்டில் மூலையில் கடிதம்போல மடித்துச் செருகப்பட்டிருந்தது. அந்த மடிப்பை அனிஷா நர்ஸிங் படித்தபோது, வீட்டுக் கட்டிலில் ஜென்சியைப் பிணமாகப் படுக்கவைத்துப் பழகியிருக்கிறாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

“யாரும்மா வந்தாங்க?” என்று கேட்டாள். மாமிக்குப் பேச்சு இல்லை. கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பினாள். அந்தக் கண்ணில் அவ்வளவு அன்பு.

வரதாச்சாரி காபியோடு வந்தார். “இப்போதான் போனா. வாசல்ல எதிர்ப்பட்டிருப்பேளே?”

ஒற்றை வாசல் வீடு அது. ஜென்சிக்கு எதிரே யாரும் வரவில்லை.

“பாவம், நேக்கு மனசு கேக்கல,” என்றார் அவர். “அந்தக் கட்டை நான் வேணா அவிழ்த்து விடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டிட்டா. கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஜலம். யாருக்கோ காத்துண்டிருக்கா போலத் தோணித்து.”

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் ஜென்சி மட்டும் இருந்தாள். தவக்காலம், அற்புதசாமி சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்பிவிட்டார். கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. சன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறம் மெல்ல அழுக்கானது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகியது.

திரையில் சாம்பல் கம்பம் இப்போது எல்லோரையும்விட உயரம். மற்ற கம்பங்கள் அதன் காலடியில் பிள்ளைகள்போல நின்றன. இப்படி ஓய்வே இல்லாமல், வாயைத் திறந்து தண்ணீர் கேட்க முடியாமல், ஒட்டின பாதத்தோடு பாலக்கரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடக்கிறாளா? பெயர்கூட இல்லாமல்?

அந்தப் பெயரைப் பிடுங்கியது யார்?

உஸாமாவுக்குப் போன் போட்டாள். அவன் நோன்பு திறக்கும் அவசரத்தில் இருந்தான்.

“பட்டியல்ல பேரைத் திரும்பச் சேருங்கக்கா. பக்கத்துல நிலைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ‘விலகியவர்’னு மாத்திடுங்க. அதை மறந்துராதீங்க. அதை மாத்தலைன்னா டூட்டி போடுற ஆப்பு அவங்களையும் ஆளா எடுத்துக்கும். காலி டூட்டி எங்க இருக்கோ அங்க அனுப்பிடும். வச்சுடட்டுமா? பாங்கு சொல்லப் போறாங்க.”

பட்டியலைத் திறந்தாள். கடைசி வரியில், ஒவ்வோர் எழுத்தாக, தங்கையின் பெயரை அடித்தாள். அனிஷா. எத்தனை மாதமாயிற்று இந்த மூன்று எழுத்தையும் கையால் தொட்டு. பக்கத்துக் கட்டத்தில் ‘பணியில்’ என்று தானாகவே நின்றது. அம்புக்குறியை அழுத்தினால் கீழே ‘விலகியவர்’ இறங்கும்.

அழுத்தவில்லை.

ஒரு நிமிஷம் இருக்கட்டும். ஒரே ஒரு நிமிஷம், அவள் எங்கும் போகாதவளாக இருக்கட்டும். ஜென்சி மேசைமேல் கையை மடித்து, கன்னத்தை வைத்து, அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கின் மேலாக வழிந்து மேசையில் சொட்டியது. வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

போன் அடித்தது. ஷரீபா. புதூர் வீட்டில் அம்மாவைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவள்.

“ஜென்சிம்மா, நோன்பு திறக்க வீட்டுக்குப் போறேன். இன்னைக்கு மவ வந்திருக்கா, அதனால திரும்ப வரல, நீங்க வந்துருவீங்கல்ல? அம்மா நல்லாத் தூங்குறாங்க. கதவைச் சும்மா சாத்திட்டுப் போறேன்.”

“சரி ஷரீபாம்மா. போயிட்டு வாங்க.”

வைத்தாள். நிமிர்ந்தாள்.

டேஷ்போர்டு தானாகவே ரெஃப்ரெஷ் ஆகியிருந்தது. பிளாங்க் இல்லை. அந்த இடத்தில் ஊதா நிறத்தில், அனிஷாவுக்குப் பிடித்த ஊதாவில், அவள் பெயரோடு கம்பம் நின்றது. மேல் மூலையில், ‘இப்போது பணியில்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி.

அனிஷா. நோயாளி: பிரான்சி. எடமலைப்பட்டி புதூர்.

ஜென்சி பட்டியலுக்குப் பாய்ந்தாள். அம்புக்குறி. ‘விலகியவர்’. அழுத்தினாள்.

‘பணியில் இருப்பவரை விலக்க இயலாது. பணி முடியும்வரை காத்திருக்கவும்.’

மறுபடி அழுத்தினாள். மறுபடி.

‘காத்திருக்கவும்.’

அம்மாவுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் பேச்சு இல்லை. தரையில் ஏதோ நகரும் ஓசை மட்டும். துளித்துளியாக.

*

மதுரை ரோட்டில் ஆபீஸ் ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரே நினைப்புதான். அம்மா பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் அந்த இதயம் நின்றுவிடும்.

தெருவில் ஒருவரும் இல்லை. எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார்கள். கரண்ட் போயிருந்தது. தூரத்தில் கோவில் ஒலிபெருக்கி மட்டும் ஜெனரேட்டர் உயிரில் ஏதோ முணுமுணுத்தது.

கதவு சாத்தியிருந்தது.

தள்ளினாள். இருட்டு. பவுடர் வாசனை. ஈரச் சிமெண்டு.

“அம்மா?”

உள் அறையில் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. அம்மாவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். காய்ச்சல் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது திட்டுகிற குரல்.

“கத்தாதடி. உள்ள வா.”

அம்மா உட்கார்ந்திருந்தாள். யாராவது தூக்கி உட்காரவைக்காமல் உட்கார முடியாத அம்மா, சுவரில் சாய்ந்து, தலை படிய வாரி, உட்கார்ந்திருந்தாள். மார்போடு எதையோ அணைத்திருந்தாள். போர்வை மூடியிருந்தது. தரையில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை விழுந்து கிடந்தது.

“குவைத்தாம், குவைத்து,” என்றாள் அம்மா. அழுகை இல்லை. அதிர்ச்சி இல்லை. “ஊர்ல விழுந்த சாவுக்கெல்லாம் கட்டவிழ்த்து அனுப்பினவடி நான். எம்புள்ளைக்கு அவிழ்க்க என்னைக் கூப்பிடணும்னு உனக்குத் தோணலையே.”

“அம்மா… நீ தாங்க மாட்டேன்னு…”

“இவ தாங்கினாளா?”

அம்மா நல்ல கையால் போர்வையைச் சரிசெய்தாள்.

“வாய்க்கட்டை எடுத்துட்டேன். கால்கட்டு ஒத்தக் கையால வரமாட்டேங்குது. இறுக்கிட்டானுங்க. வா, இந்த முனையைப் பிடி.”

விளக்கின் வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. போர்வைக்கு வெளியே அம்மாவின் இரண்டு பாதங்கள். அவற்றின் அருகே இன்னும் இரண்டு. சிமெண்டுப் பால் காய்ந்து வெளுத்தவை. கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்து, துணிக்கிழிசலால் முடிச்சு.

ஓட வேண்டும். ஓரடி பின்வைத்தாள்.

“பிடிடி. அக்கா இல்ல நீ?”

முழங்காலிட்டாள். துணி சில்லிட்டிருந்தது. அம்மா ஒரு முனை. அவள் ஒரு முனை. மேலே, அம்மாவின் தோளோரம், போர்வைக்குள் ஒரு வாய் திறக்கும் ஓசை. மெதுவாக. மூடாமல். திறந்துகொண்டே.

நிமிர்ந்து பார்க்கவில்லை.

இழுத்தாள்.

முடிச்சு நெகிழ்ந்தது. விரல்கள் பிரிந்தன. ஒரு பாதம் கட்டிலை விட்டு இறங்கி, ஜென்சியின் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றியது.

பிறகு இன்னொன்று.